விளையாட்டரங்கில் ஆட்டம் காணச் செல்லும் நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை: காவிரி டெல்டாவிலிருந்து சேப்பாக்கம் வரை

சம்பா, தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வீடு வந்து சேரும் பங்குனி, சித்திரை மாதங்களில் டெல்டா மாவட்டங்களில் வயல் வேலை குறைகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 வரை உழவர் குடும்பங்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் காலம் இது. ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளும் மார்ச் இறுதி முதல் மே வரையிலான இதே காலத்தில்தான் நடைபெறுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை ஆகிய ஊர்களிலிருந்து சென்னை சேப்பாக்கத்தில் உள்ள எம்.ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கிற்குச் செல்வோர் பலர். அவர்கள் அனைவரும் இளைஞர்கள் அல்லர். இதயத்திற்கு மாத்திரை உட்கொள்ளும் தந்தையை மகன் அழைத்துச் செல்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவி தோழிகளுடன் செல்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்பவரும், வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்த அரங்கில் அமர்ந்து ஆட்டம் பார்க்க வேண்டும் என விரும்புவதுண்டு.

நாள்பட்ட நோய் உள்ளவர் விளையாட்டரங்கிற்குச் செல்லக் கூடாது என்பது இப்பக்கத்தின் கருத்தன்று. நோய் கட்டுப்பாட்டில் உள்ள பெரும்பாலோர் சென்று வரலாம். எனினும் இரவுப் பயணம், வெயிலில் வரிசை, படிக்கட்டு, கூட்டம், உணவு நேர மாற்றம், உணர்ச்சிப் பெருக்கு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக உடலின் மீது சுமத்தப்படுகின்றன என்பதை உணர்ந்து திட்டமிட வேண்டும்.

பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியவர்கள்

அண்மைய வாரங்களில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் மருத்துவரின் வெளிப்படையான அனுமதியின்றிச் செல்லக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள், கால் வீக்கம் அதிகரித்து வருபவர்கள், காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் ஆகியோரும் அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைப்பதே நல்லது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகிறதே என்ற எண்ணம் இம்முடிவில் குறுக்கிட இடமளிக்க வேண்டாம்.

மற்றவர்கள் தம் உடல்திறனை வீட்டிலேயே ஓரளவு அறிந்துகொள்ளலாம். சம தரையில் ஒரு கிலோமீட்டர் தூரத்தைச் சற்று விரைவாக நடக்கவும், இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறவும் உங்களால் இயல்கிறதா? அவ்வாறு செய்யும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, பேச முடியாத அளவுக்கு மூச்சிரைப்போ வந்தால், பயணத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விளையாட்டரங்கில் நீங்கள் செய்ய வேண்டியிருப்பதும் ஏறத்தாழ இதுதான். வெயிலிலும் நெரிசலிலும் செய்ய வேண்டியிருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு மாத்திரை பெறுவோர், பயண நாள்களில் மாத்திரை தீர்ந்துவிடாதவாறு பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே தெரிவிக்கலாம்.

சென்னை வரை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சென்னை எழும்பூருக்கு இரயில் பாதையில் ஏறத்தாழ 350 கி.மீ. இரவில் உழவன் விரைவு வண்டியும், மன்னார்குடியிலிருந்து மன்னை விரைவு வண்டியும் செல்கின்றன. பகலில் சோழன் விரைவு வண்டி உண்டு. பேருந்தில் செல்வோர், தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்வதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கிருந்து சேப்பாக்கம் 30 கி.மீ.க்கும் மேல். மூட்டுவலி உள்ளவர்க்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்க்கும் இரயிலே உகந்தது.

இரவு வண்டியில் அதிகாலை இறங்கி, பகல் முழுவதும் மெரினாவில் சுற்றிவிட்டு, மாலையில் அரங்கிற்குள் நுழைவது பலரின் வழக்கம். நோயாளியை உடன் அழைத்துச் செல்லும்போது இவ்வழக்கத்தைக் கைவிடுங்கள். உறக்கமின்மை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் உயர்த்தும். வலிப்பு நோய் உள்ளவர்க்கு அதுவே வலிப்பைத் தூண்டும். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ பகலில் சில மணி நேரம் படுத்து உறங்க ஏற்பாடு இருக்க வேண்டும். இரவு 7.30 மணி ஆட்டம் முடிவதற்குப் பதினொரு மணியைத் தாண்டிவிடும். டெல்டா நோக்கிச் செல்லும் இரவு வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே எழும்பூரை விட்டுப் புறப்பட்டுவிடும். ஆகவே அன்றிரவும் சென்னையில் தங்குவதாகவே திட்டமிட வேண்டும். கடைசி ஓவரை விட்டுவிட்டு இரயிலைப் பிடிக்க ஓடுவது இதய நோயாளிக்கு உகந்த செயலன்று.

எழும்பூரிலிருந்து மெட்ரோ இரயிலில் சென்ட்ரல் சென்று, அங்கு வண்டி மாறி அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு. அங்கிருந்து வாலாஜா சாலை வழியாக அரங்கிற்கு நடக்க வேண்டும். சேப்பாக்கம் பறக்கும் இரயில் நிலையம் அரங்கை ஒட்டியே உள்ளது. ஆனால் உயரத்தில் அமைந்த அந்த நிலையத்தில் ஆட்டம் முடிந்ததும் படிகளில் கூட்டம் அடைத்துக்கொள்ளும். ஆட்ட நாள்களில் சுற்றுப்புறச் சாலைகளில் போக்குவரத்து மாற்றம் செய்யப்படுவதால், வாடகைக் கார் வாயில்வரை வரும் என எதிர்பார்க்க வேண்டாம்.

நீண்ட நேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. குறிப்பாக அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

வெப்பம்

சேப்பாக்கத்தின் வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு அந்த அரங்கின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இங்கு ஆடிய டெஸ்ட் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக மட்டை பிடித்து 210 ஓட்டங்கள் எடுத்தார். நீரிழப்பினால் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்த அவர், ஆட்டமிழந்தபின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர். அறுபது வயதைக் கடந்து, இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் ஒருவரின் உடல் இதைவிட வெகு விரைவில் தளர்ந்துவிடும்.

“வெயிலில் நாற்று நட்டவர்களுக்கு இந்த வெயில் ஒரு பொருட்டா?” என்று டெல்டாப் பகுதியினர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெயிலுக்குப் பழகிய உடல் அதைச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். ஆனால் வயல் வேலையின் ஒழுங்கைக் கவனியுங்கள். விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறி, மர நிழலில் நீராகாரம் அருந்தி ஓய்வெடுப்பது அந்த ஒழுங்கு. விளையாட்டரங்கு இதற்கு நேர்மாறானது. பிற்பகல் 3.30 மணி ஆட்டத்துக்கு உச்சி வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். இரவு ஆட்டமானாலும் நான்கு, ஐந்து மணிக்கே வாயிலில் கூட்டம் சேர்ந்துவிடும். பகலெல்லாம் சூடேறிய சிமெண்டுப் படிகள் மாலையிலும் வெப்பத்தை உமிழும். கடற்காற்று வீசும்போது இதமாகத் தோன்றினாலும், அதனுடன் வரும் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். வழிந்து ஓடும் வியர்வையால் நீரும் உப்பும்தான் இழப்பாகின்றன.

2024 அக்டோபர் 6 அன்று, இந்த அரங்கிற்கு அண்மையிலுள்ள மெரினா கடற்கரையில் விமானப்படையின் வான் சாகச நிகழ்ச்சியைக் காணப் பெருந்திரளாகக் கூடியவர்களில் பலர் வெயிலில் மயங்கி விழுந்தனர். 5 பேர் உயிரிழந்தனர். அது கத்திரி வெயில் காலமும் அன்று என்பது கவனிக்கத்தக்கது.

வெளியே கிளம்புமுன்பே நீர் அருந்தத் தொடங்குங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருப்பது முதியவர்க்குப் பொருந்தாது. வயது கூடக்கூடத் தாக உணர்வு மங்கும். அரங்கிற்குள் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுசெல்லப் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஆகவே உள்ளே குடிநீர் எங்குக் கிடைக்கும் என்பதை அமர்ந்தவுடனேயே உடன் வந்தவர் அறிந்துகொள்ள வேண்டும். கழிப்பறை வரிசைக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் அநேகர். குறிப்பாகப் பெண்களும், புராஸ்டேட் வீக்கம் உள்ள முதிய ஆண்களும். அவ்வாறு இருப்பதைவிட, கழிப்பறைக்கு அருகிலுள்ள ஓர இருக்கையைத் தேர்ந்தெடுத்து, இன்னிங்ஸ் இடைவேளைக்கு ஓரிரு ஓவர்கள் முன்னதாகவே சென்று வருவது பயன் தரும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டைப் பையில் வைத்திருங்கள். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். சிறிய பாட்டிலில் மிகச் செறிவாகக் கரைப்பது தீங்கு. நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர், பயண நாளன்று அதன் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரிடம் முன்னரே கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். மது அருந்துவது நீரிழப்பை மிகுவிக்கும்.

களைப்பு, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். உடனே நிழலான இடத்துக்கு அழைத்துச் சென்று, ஆடையைத் தளர்த்தி, நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவடைவர். பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அது வெப்பப் பக்கவாதம் எனக் கருத வேண்டும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. வியர்த்திருக்கிறது என்பதைக் கொண்டு அது வெப்பப் பக்கவாதம் அன்று என எண்ணிவிடக் கூடாது. 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடலெங்கும் நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி ஒத்தடம் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

இதய நோய் உள்ளவர்கள்

ஆட்டத்தின் பரபரப்பு இதயத்தைப் பாதிக்குமா என்பது வேடிக்கையான கேள்வி அன்று. 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ஜெர்மனியில் நடந்தபோது, முனிக் நகர்ப் பகுதியில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் இதய நெருக்கடி நிகழ்வுகள் மற்ற நாள்களைவிட 2.66 மடங்காக உயர்ந்திருந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் பாதிப்பு உச்சத்தில் இருந்தது. ஏற்கெனவே இதய இரத்தக்குழாய் நோய் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோர் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் மட்டும் அல்லர். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. எனவே “அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டோம், கவலையில்லை” என்று இருந்துவிடவும் இயலாது. இடித்துச் சொல்லும் நண்பர் கூட்டத்துடன் வீட்டில் அமர்ந்து பார்ப்பதும் அதே பரபரப்பைத் தரக்கூடும்.

சேப்பாக்கத்துப் பார்வையாளர்களுக்கு இது புதிதன்று. 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் இந்தியா தோற்ற டெஸ்ட் ஆட்டத்தை நேரில் கண்டவர்களில் பலர் இன்று அறுபதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். அன்று தாங்கிய இதயம் இன்றும் அவ்வாறே தாங்கும் என்று கொள்ள முடியாது.

ஆட்ட நாளன்று காலை மாத்திரைகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோபிரலால், அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது தனியே ஓர் ஆபத்து. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது பைக்குள் அன்றி நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். நெஞ்சு வலி வந்தால் அமர்ந்த நிலையில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் குறைந்து விழ நேரிடும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அடுத்த ஓவர் முடியட்டும் என்று காத்திருப்பதும், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பதும் உயிரிழப்பில் முடிந்த நேர்வுகள் உண்டு. நீரிழிவு உள்ளவர்க்கும் முதிய பெண்களுக்கும் மாரடைப்பின்போது நெஞ்சு வலியே இல்லாமல், வியர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி, காரணமற்ற அசதி ஆகியவை மட்டும் தோன்றலாம்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதற்கான அட்டையைக் காட்டிப் பாதுகாப்புப் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும். உலோகம் கண்டறியும் வாயிலைச் சாதாரண நடையில் கடந்து செல்வதால் தீங்கில்லை; அதனருகில் சாய்ந்து நிற்கக் கூடாது. கையால் இயக்கும் கருவியை மார்பின்மேல் பிடித்து வைத்திருக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோர்க்கு, நெரிசலில் தலையில் படும் சிறு அடியும் உட்கசிவில் முடியலாம். கேலரியின் கீழ்வரிசையில், பந்து வந்து விழும் இடத்தில் அவர்கள் அமராதிருப்பது நன்று.

நீரிழிவு உள்ளவர்கள்

இங்குப் பெரும்பாலான சிக்கல்கள் உணவு நேரத்தினாலேயே எழுகின்றன. வீட்டில் இரவு எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு இட்லி உண்பவர், அரங்கில் எட்டு மணிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு உணவு வரிசையில் அரை மணி நேரம் நின்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். உணவு கைக்கு வந்தபின்னரே உணவுக்கு முன் போடும் இன்சுலினைப் போடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபன்கிளமைடு ஆகிய மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அரங்கிற்கு வெளியே ஆறு மணியளவில் ஏதேனும் சிற்றுண்டி உண்டபின் உள்ளே செல்வது நடைமுறைக்கு எளிது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, எரிச்சலான பேச்சு, கண் மங்கல் ஆகியவை தாழ்நிலைச் சர்க்கரையின் அறிகுறிகள். விக்கெட் விழும் நேரத்தில் எல்லோர்க்கும் படபடக்கும். ஆகையால் அரங்கில் இவ்வறிகுறிகள் எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். ஐயம் எழுந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, பார்க்க இயலாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். இதற்கு சாக்லேட்டும் முறுக்கும் உதவா; அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி அல்லது பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, சட்டைப் பையிலோ வெப்பம் அந்த அளவை எளிதில் கடந்துவிடும். ஈரத்துணியில் சுற்றிய சிறு மண்பானையில் வைக்கும் முறை வீட்டில் பயன் தரும். பயணத்துக்கு, நீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. ஊசியும் பேனாவும் வாயிலில் தடுக்கப்படாமல் இருக்க மருத்துவச் சீட்டின் நகலை உடன் வையுங்கள். அதிலுள்ள பெயரும் நோயாளியின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருப்பது வேலையை எளிதாக்கும்.

கால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூடேறிய சிமெண்டின்மேல் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. புதுச் செருப்பை அன்றைக்கென்று வாங்கி அணிய வேண்டாம். பழகிய காலணியே நல்லது. இரவு படுக்குமுன் இரண்டு பாதங்களின் அடியையும் உடன் வந்தவர் பார்த்துவிட வேண்டும்.

சிறுநீரக நோயும் டயாலிசிஸும்

“நிறைய தண்ணீர் குடியுங்கள்” என்னும் அறிவுரை டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். வெயிலில் வியர்ப்பதை ஈடுசெய்ய எவ்வளவு கூட்டலாம் என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும். மெரினாவில் வாங்கித் தரப்படும் இளநீர் மற்றவர்க்கு நல்ல பானம். இவர்களுக்கோ அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவரைக் கேளாமல் வேண்டாம். ஆட்டத்துக்காக ஒரு முறை டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது கூடாது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள் ஆட்டம் அமையுமாறு தேதியைத் தேர்ந்தெடுங்கள். டயாலிசிஸுக்கான இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையைக் கூட்டத்தில் யாரும் பிடித்து இழுக்காதவாறு, அக்கை உள்பக்கமாக அமையும் இருக்கையில் அமர வேண்டும்.

ஒலி, ஒளி, புகை

85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை செவி தாங்கும் என்பது பொதுவான வரையறை. 100 டெசிபெல்லில் அது 15 நிமிடமாகச் சுருங்குகிறது. நிறைந்த அரங்கின் ஆரவாரமும் ஒலிபெருக்கியும் சேரும்போது இந்த அளவு எட்டப்படும். குழந்தைகளுக்குக் காதுமூடி அணிவியுங்கள். கைக்குழந்தையை அழைத்துச் செல்லவே வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள், மறதிநோய் உள்ள முதியவர்கள் ஆகியோர்க்கு இந்த ஒலி அச்சத்தையும் கொந்தளிப்பையும் ஏற்படுத்தலாம். அவர்கள் விரும்பினால், கூட்டம் குறைந்த ஒரு டெஸ்ட் ஆட்டத்தின் காலைப் பொழுதோ, தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கில் நடைபெறும் உள்ளூர்ப் போட்டியோ நல்ல தொடக்கமாக அமையும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் வாணவேடிக்கைப் புகையை எதிர்பார்த்து இன்ஹேலரைக் கையில் வைத்திருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு மட்டுமே விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள் வலிப்பைத் தூண்டும். அவர்கள் அத்தகைய ஒளிக்காட்சியின்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

வாயிலும் கூட்டமும்

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்கின் வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். பொதுவாக இத்தகைய நெரிசலில் பலரும் மிதிபட்டு இறப்பதில்லை. நான்கு புறமும் அழுத்தப்பட்டு, மார்பு விரிய இடமின்றி மூச்சு முட்டியே இறக்கின்றனர். நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த நிலை விரைவில் வந்துவிடும். தோளோடு தோள் இடிக்கத் தொடங்கினால், கூட்டம் இன்னும் நகர இடமிருக்கும்போதே ஓரமாக விலகுங்கள். சிக்கிக்கொண்டால் முழங்கைகளை மடக்கி மார்பின் முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள்; எதிர்த்துத் தள்ளாமல், கூட்டத்தின் போக்கிலேயே சாய்வாக நகர்ந்து விளிம்பை நோக்கிச் செல்லுங்கள். கீழே விழுந்த கைப்பேசியை எடுக்கக் குனியாதீர்கள்.

வாயில் திறந்தவுடன் முண்டியடிப்பதைவிடச் சற்று முன்னதாகவோ, முதல் சில ஓவர்களை இழந்து தாமதமாகவோ செல்வது நோயாளிக்கு ஏற்றது. ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இருக்கையிலேயே அமர்ந்திருங்கள். சக்கர நாற்காலியில் வருவோர்க்கும், ஊன்றுகோல் பயன்படுத்துவோர்க்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொது இடங்களில் தடையற்ற அணுகலை உறுதிசெய்கிறது. எந்த வாயில், எந்த மாடம், துணைவருக்கு இருக்கை உண்டா என்பவற்றை நுழைவுச்சீட்டு பெறும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு வாயிலில் நின்று கேட்பது பயன் தருவதில்லை.

நெருக்கடி நேர்ந்தால்

அமர்ந்தவுடன் மாடத்தின் பெயர், வரிசை எண், நுழைந்த வாயிலின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைக்கும்போது இவையே தேவைப்படும். கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், அருகிலுள்ள காவலரையோ அரங்கப் பணியாளரையோ ஒருவர் நேரில் அழைக்க, மற்றவர் நோயாளியுடன் இருக்க வேண்டும். நோயாளியுடன் குறைந்தது ஒரு பெரியவர் செல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம், இருவராயின் நன்று.

விழுந்தவர் அசைவின்றி, இயல்பான மூச்சின்றி இருந்தால் மருத்துவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். சமமான தரையில் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இதய அதிர்வுக் கருவி இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். அதை இயக்கியதும் அதுவே அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அவை தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அரங்கிற்கு அண்மையில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையும், சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் உள்ளன. எங்குக் கொண்டுசெல்வது என்பதை 108 பணியாளரே முடிவு செய்யட்டும். நோயாளியின் சட்டைப் பையில் ஒரு சிறு தாள் இருக்க வேண்டும்: பெயர், ஊர், நோய், உட்கொள்ளும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையின் நகலையும் அத்துடன் வைத்தால், அறிமுகமில்லாத ஊரில் இரவு நேரத்தில் அலைச்சல் குறையும்.

ஊர் திரும்பிய பின்

ஓரிரு நாள் அசதியும் தொண்டைக் கட்டும் இயல்பானவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், புதிதாக மூச்சிரைப்பு, இரண்டு நாளுக்குமேல் காதில் இரைச்சல், சிறுநீர் மிகக் குறைந்து அடர்நிறமாக வெளியேறுதல், பாதத்தில் கொப்புளம் ஆகியவை இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகுங்கள். மாரடைப்பு என ஐயம் எழும்போது முதல் வேளை மருந்துகளை உடனே அளிப்பதற்கான ‘இதயம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.